உடைந்த கிண்ணம்: எபிதாவ்ரோஸ் கோயிலின் அற்புதக் கல்வெட்டுகள்

 

பண்டை உலகின் அற்புதங்கள் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அது பெருங்கடல். ஒரு மணி நேரத்தில் கடலைக் காட்ட முடியாது. ஒரு துறையில் இறங்கி நீரைத் தொட்டுப் பார்க்கலாம். நான் தேர்ந்துகொண்ட துறை, கிரேக்க நாட்டின் எபிதாவ்ரோஸ்.

அற்புதக் கதையைக் கேட்டதும் ஒருவர் கைகூப்புகிறார், இன்னொருவர் கைகொட்டிச் சிரிக்கிறார். இருவர் மனத்திலும் இருப்பது ஒரே கேள்விதான்: நடந்ததா, நடக்கவில்லையா? என் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். உடைந்த கிண்ணம் தானாக ஒட்டாது. ஐந்து ஆண்டுகள் எவரும் கருவைச் சுமக்க முடியாது. ஆனால் இதைச் சொன்னதோடு கல்வெட்டை மூடிவைத்தால், அதில் இருப்பதில் பெரும்பகுதியைப் படிக்காமலே எழுந்து போய்விடுவோம். யாருக்கு வலித்தது, எங்கே வலித்தது, எவ்வளவு தொலைவு நடந்து வந்தார், எதற்கு அஞ்சினார், எதைக் கேட்டார் என்பதெல்லாம் அந்தக் கற்களில் இருக்கிறது. அற்புதக் கதை வலியின் ஆவணம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இடம்

பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் வடகிழக்கில், ஆர்கோலிட் பகுதியின் மலைகளுக்கு நடுவே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது, நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளீபியசின் கோயில் வளாகம். இன்று அங்கே போகிறவர்களில் பலர் அரங்கத்தைப் பார்க்கப் போகிறார்கள். 55 படி வரிசைகள் கொண்ட அந்த அரங்கம் ஒலியமைப்புக்குப் பேர்பெற்றது. ஆனால் அவ்வளவு பெரிய அரங்கம் ஊரை விட்டு விலகிய அந்தப் பள்ளத்தாக்கில் எழுந்ததற்குக் காரணமே நோயாளிகள்தாம். அவர்களும் அவர்களோடு வந்தவர்களும் கூடிய திருவிழாக்களுக்கு அரங்கம் தேவைப்பட்டது.

அஸ்கிளீபியஸ், அப்பல்லோவுக்கு மானிடப் பெண் ஒருத்தியிடம் பிறந்த மகன். மருத்துவம் கற்று, அந்தக் கலையில் எல்லை மீறி, இறந்தவரையும் எழுப்பியதால் சேயுசின் இடிக்கு இரையானவன் என்கிறது கிரேக்கப் புராணம். சாவை அறிந்த தெய்வம் அவன். நோயாளிகள் அவனிடம் அவ்வளவு உரிமையோடு பேசியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அங்கே அவனுக்குப் புதிய கோயில் எழுந்தது. கட்டிய செலவுக் கணக்கையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். தியோடோட்டஸ் என்ற கட்டடக் கலைஞருக்கு ஆண்டுக்கு 353 திராக்மா ஊதியம் என்பது வரை அதில் இருக்கிறது. ஏறக்குறைய நாளுக்கு ஒரு திராக்மா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அற்புதங்களைப் பதிவு செய்ததும் இதே கோயில்தான். கல்லுக்கும் மரத்துக்கும் கணக்கு எழுதிய அதே ஒழுங்கோடுதான் அற்புதத்துக்கும் கணக்கு எழுதினார்கள்.

வந்தவர் முதலில் குளித்துத் தூய்மை செய்துகொள்வார். பலியும் படையலும் செலுத்துவார். இரவானதும் ஆபட்டான் என்ற நீண்ட மண்டபத்தில் படுப்பார். நினைத்தபோது யாரும் நுழையக் கூடாத இடம் என்பது அந்தச் சொல்லின் பொருள். கோயிலின் பாம்புகளும் நாய்களும் வளாகத்தில் உலவும். உறக்கத்தில் தெய்வம் வரும் என்பது நம்பிக்கை. சில நேரம் கத்தியோடு, சில நேரம் மருந்தோடு, சில நேரம் வெறும் கேள்வியோடு.

கல்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பௌசானியாஸ், வளாகத்துக்குள் முன்பு பல கற்பலகைகள் நின்றன, தம் காலத்தில் ஆறு எஞ்சியிருக்கின்றன என்று குறித்து வைத்தார். நலமடைந்த ஆண், பெண் பெயர்களும், நோயும், அது தீர்ந்த விதமும் அவற்றில் இருந்தன. பதினேழு நூற்றாண்டுகள் கழித்து, 1881இல், பனயோட்டிஸ் கவ்வாதியாஸ் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். பலகைகள் துண்டுதுண்டாக மண்ணுக்குள்ளிருந்து வந்தன. பௌசானியாஸ் பார்த்தது உண்மை என்று தெரிந்தது. இன்று நமக்குக் கிடைத்திருப்பவை ஏறக்குறைய 70 கதைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டவை.

சில ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் அந்தப் பலகைகளின் முன் நின்றேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லாமல், வரிக்கு வரி நெருக்கி வெட்டிய எழுத்து. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, வந்திருந்த நோயாளிகள் சுற்றி நின்று கேட்டிருப்பார்கள். இரவு படுக்கப் போகும் முன் காதில் விழுந்த கதைகள் கனவுக்குள்ளும் வந்திருக்கும். அதே அறையில் வெண்கல அறுவைக் கருவிகளும் வைக்கப்பட்டிருந்தன. கனவில் வந்த கத்தியும் கையில் பிடித்த கத்தியும் ஒரே வளாகத்தில் இருந்தவை.

கதைகளின் அமைப்பு எளியது. பெயர், ஊர், நோய், கண்ட கனவு, விடிந்ததும் நலமாக வெளியே வந்தது. அந்தச் சட்டத்துக்குள் எத்தனை வகை மனிதர்!

முதல் கதை கிளியோ என்ற பெண்ணுடையது. ஐந்து ஆண்டு கருவைச் சுமந்தவள் என்கிறது கல். வளாகத்துக்கு வெளியே வந்ததும் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே அது ஊற்று நீரில் தானே குளித்து, தாயோடு நடந்து போயிற்று. அடுத்தவள் பெல்லீனி ஊர் இத்மோனிகா. கரு உண்டாக வேண்டும் என்று கேட்டாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று தெய்வம் கேட்டது. போதும் என்றாள். மூன்று ஆண்டுகள் கரு நின்றதே தவிரக் குழந்தை பிறக்கவில்லை. மறுபடி வந்து கேட்டாள். நீ கேட்டது கருதானே, பிறப்பைக் கேட்கவில்லையே என்றது தெய்வம். வந்துவிட்டாய், அதையும் தருகிறேன் என்று அருளியது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் தன் வேண்டுதலில் எந்தச் சொல்லைத் தவறவிட்டோம் என்று இரவெல்லாம் புரண்டு யோசிக்கும் மனநிலை அப்படியே இந்தக் கதையாகியிருக்கிறது.

யூஃபானிஸ் எபிதாவ்ரோஸ் ஊர்ச் சிறுவன். கல்லடைப்பு நோய். உன்னைக் குணப்படுத்தினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்டது தெய்வம். பத்துக் கழங்கு தருகிறேன் என்றான் பையன். விளையாட்டுக்கு வைத்திருந்த எலும்புக் காய்கள். அவனுடைய சொத்து அவ்வளவுதான். தெய்வம் சிரித்தது, சரி என்றது.

தெஸ்ஸலி நாட்டு பண்டாரசுக்கு நெற்றியில் குறிகள். அடிமைகளுக்கும் தண்டனை பெற்றவர்களுக்கும் குத்தப்பட்ட குறிகளாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கனவில் தெய்வம் அவன் நெற்றியில் துணி கட்டியது. விடிந்து அவிழ்த்துப் பார்த்தால் குறிகள் துணிக்கு மாறியிருந்தன. நன்றிக் காணிக்கைக்காக அவன் எக்கெதோரஸ் என்பவனிடம் பணம் கொடுத்து அனுப்பினான். எக்கெதோரசும் நெற்றியில் குறி உள்ளவன்தான். பணத்தைத் தானே வைத்துக்கொண்டு, கனவில் தெய்வம் கேட்டபோது வாங்கவில்லை என்றான். தெய்வம் பண்டாரசின் துணியை எடுத்து அவன் நெற்றியில் கட்டியது. காலையில் நீரில் முகம் பார்த்தான். தன் குறிகளோடு பண்டாரசின் குறிகளும் சேர்ந்திருந்தன.

இதில் நம்பிக்கைத் துரோகத்துக்கான தண்டனையை மட்டும் பார்க்காதீர்கள். முகத்தில் குத்திய குறி போகாதா என்ற ஏக்கம், குருடரின் ஏக்கத்துக்கும் முடவரின் ஏக்கத்துக்கும் பக்கத்தில் சமமாக இடம்பெற்றிருக்கிறது. அவமானமும் நோய்தான் என்று அந்த மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

சிரித்தவர்கள்

பண்டை மக்கள் எதையும் நம்பிவிடுவார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கற்களே அதை மறுக்கின்றன.

கைவிரல்களில் ஒன்றைத் தவிர மற்றவை அசையாத ஒருவர் வருகிறார். கோயிலில் நின்ற பலகைகளைப் படித்துவிட்டு ஏளனம் செய்கிறார். ஏதென்ஸ் நகரத்து அம்ப்ரோசியாவுக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. வளாகத்தைச் சுற்றி வந்தவள், முடவரும் குருடரும் வெறும் கனவு கண்டு நலமடைவது நடக்கிற காரியமா என்று சிரிக்கிறாள். கனவில் தெய்வம் அவள் அறியாமையின் நினைவாக ஒரு வெள்ளிப் பன்றியைக் கோயிலில் வைக்கச் சொல்கிறது. பிறகு கண்ணைக் கீறி மருந்து ஊற்றுகிறது. கண் குழியில் விழியே இல்லாமல் வந்த இன்னொருவரைப் பார்த்து, இவருக்கு இவ்வளவு பேதைமையா என்று அங்கிருந்தவர்களே சிரித்தார்களாம்.

ஐயத்தைக் கோயில் மறைக்கவில்லை. ஐயம் கொண்டவரும் நலமடைந்தார் என்று எழுதியது. கதைகளைத் தொகுத்தவர்களுக்கு இதில் நோக்கம் இருந்தது என்பது வெளிப்படை. ஆனாலும் சந்தேகத்தோடு வந்தவருக்கும் அங்கே படுக்க இடம் இருந்தது என்ற செய்தியும் அதில் இருக்கிறது.

காலத்தையும் பாருங்கள். வலிப்பு நோய்க்கு மற்ற நோய்களைவிடத் தெய்வத் தொடர்பு அதிகம் இல்லை, அதற்கும் இயற்கையான காரணம் உண்டு என்று வாதிட்ட ‘புனித நோய்’ என்ற ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல் இந்தக் கற்களுக்கு முந்தியது. அற்புதம் முதலில், அறிவு பிறகு என்று வரிசை கட்ட முடியாது. அறிவு வந்த பிறகும் மக்கள் எபிதாவ்ரோசுக்கு நடந்தார்கள். ஏன்?

மருத்துவர் கைவிட்ட பிறகு

நோய் மருத்துவத்தின் ஆற்றலைக் கடந்துவிட்டால் அந்த நோயாளியை ஏற்க வேண்டாம் என்பது ஹிப்போகிரட்டீஸ் மரபிலேயே சொல்லப்பட்டது. நேர்மையான அறிவுரை. ஆனால் ஏற்கப்படாத நோயாளி எங்கே போவார்? கல்வெட்டுகளில் வருபவை பெரும்பாலும் நாட்பட்ட துன்பங்கள்: பார்வையின்மை, வாதம், ஊமை, மலடு, ஆறாத புண், உடம்பில் தங்கிவிட்ட அம்பு முனை. மருத்துவரிடம் போய்ப் பார்த்து, ஆண்டுகள் கழிந்து, வேறு வாசல் இல்லாமல் வந்தவர்கள் இவர்கள்.

மருத்துவர்களும் அஸ்கிளீபியசைப் பகையாகக் கருதவில்லை. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழி அப்பல்லோவையும் அஸ்கிளீபியசையும் சாட்சி வைத்துத்தான் தொடங்குகிறது. காலம் செல்லச் செல்லக் கனவுகளுக்குள் மருத்துவம் நிறைந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கஸ் யூலியஸ் அப்பெல்லாஸ் என்பவர் தம் அனுபவத்தைக் கல்லில் எழுதிவைத்தார். அடிக்கடி நோய், செரியாமை. வரும் வழியிலேயே தெய்வம் அவருக்குச் சொன்னது, அவ்வளவு கோபப்படாதே என்று. கோயிலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், கீரையும் சாப்பிடச் சொன்னது. யார் துணையும் இல்லாமல் தானே குளி, ஓடு, நட, பாலில் தேன் கலந்து குடி என்றது. வெறும் பாலைக் குடித்தால் வயிறு இளகாது என்று காரணமும் வந்தது. தலையை வெட்டி ஒட்டிய தெய்வம், ஐந்நூறு ஆண்டுகளில் பத்தியம் சொல்லும் தெய்வமாகிவிட்டது.

தலையை வெட்டி ஒட்டிய கதையைச் சொல்ல வேண்டும். ஸ்பார்ட்டாவில் ஆராட்டா என்ற பெண்ணுக்கு நீர்க்கோவை. உடம்பு வீங்கி, வர இயலாத நிலை. அவளை ஊரில் விட்டுவிட்டு, அவளுக்காகத் தாய் வந்து ஆபட்டானில் படுத்தாள். தெய்வம் மகளின் தலையைத் துண்டித்து, உடலைக் கழுத்து கீழாகத் தொங்கவிட்டு, நீரெல்லாம் வடிந்த பிறகு தலையைத் திரும்பப் பொருத்தியதாகக் கனவு கண்டாள். ஊர் திரும்பினால் மகள் நலம். அவளும் அதே கனவைக் கண்டிருந்தாள்.

இளைஞனாக இதைப் படித்தபோது கொடூரமான கற்பனை என்று தாண்டிப் போனேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு என் தாய் நோயுற்றிருந்தபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்த இரவுகள் வந்தன. என்னைச் சுற்றி இன்னும் பத்துப் பதினைந்து பேர், யாருக்காகவோ வந்து தரையில் படுத்திருந்தார்கள். உள்ளே இருப்பவரின் நோயைத் தங்கள் தூக்கத்தில் வாங்கிக்கொள்ள முடியுமா என்று தவித்த முகங்கள். ஒரு நாள் விடியற்காலையில் ஸ்பார்ட்டாத் தாயின் நினைவு வந்தது. தன் பிள்ளைக்காகத் தான் படுக்க வந்த அவளுடைய நடை அற்புதமில்லை, அது நடந்தது. எத்தனையோ தாய்மார் அப்படி நடந்தார்கள். அந்த நடையைத்தான் கல் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அன்று புரிந்தது.

எழுதப்படாதவர்கள்

நலமடையாதவர்கள்? நியாயமான கேள்வி; பண்டைக் காலத்தவரே கேட்டதுதான். சமோத்திராக்கித் தீவின் கோயிலில், கடல் விபத்திலிருந்து பிழைத்தவர்கள் வைத்த காணிக்கைகளைக் காட்டி ஒருவர் வியந்தபோது, பிழைக்காதவர்களும் வைத்திருந்தால் இன்னும் எத்தனை அதிகமாக இருந்திருக்கும் என்று தத்துவஞானி டயோஜனிஸ் சொன்னதாக ஒரு மரபு உண்டு. எபிதாவ்ரோசுக்கும் இது பொருந்தும். ஏறக்குறைய 70 கதைகளுக்குப் பின்னால், வந்தபடியே திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

வளாகத்துக்குள் யாரும் சாகக் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது என்பது கோயில் விதி. கிளியோ வெளியே வந்த பிறகே பெற்றாள் என்று கல்வெட்டு கவனமாகச் சொல்வது அதனால்தான். சாகும் தறுவாயில் இருப்பவருக்கும் பிரசவ வலி கண்டவளுக்கும் நெடுங்காலம் தலைக்கு மேல் கூரை இல்லை, வானம்தான். பௌசானியாசின் காலத்தில் அந்தோனினஸ் என்ற ரோமச் செனட்டர் அவர்களுக்காக ஒரு வீட்டைக் கட்டினார். அங்கே சாகலாம், பிறக்கலாம். எந்தக் கனவும் சொல்லாமல், மனிதர் துன்பத்தை மனிதர் கண்டு எழுப்பிய கட்டடம். எபிதாவ்ரோசில் என் மனம் நிறைந்து வணங்குகிற செயல் இது.

தெய்வம் ரோமுக்கும் போயிற்று. கி.மு. 293இல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது எபிதாவ்ரோசுக்குத் தூது அனுப்பினார்கள். கோயில் பாம்பு கப்பலேறி வந்து, டைபர் ஆற்றின் நடுத்தீவில் இறங்கியதாக ரோமரின் கதை. அங்கே கோயில் எழுந்தது. கோயில் மறைந்துவிட்டது, ஆனால் அதே தீவில் 16ஆம் நூற்றாண்டில் மருத்துவமனை வந்தது, இன்றும் இருக்கிறது. நோயாளிகள் அந்தத் தீவுக்குப் பாலம் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

கிண்ணம்

வியப்பைப் பற்றி ஆழமாக எண்ணியவர் நம் தொல்காப்பியர். மெய்ப்பாடு எட்டில் ஒன்றாக மருட்கையை வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்றார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஐந்து ஆண்டுக் கரு புதுமை. வாதம் தீர்ந்த ஒருவர் தன்னால் இயன்ற மிகப் பெரிய கல்லைத் தூக்கி வந்து ஆபட்டானுக்கு முன் போட்டாரே, அது பெருமை. நெற்றிக் குறி துணிக்கு மாறியது ஆக்கம். இந்த மூன்றையும் எவரும் கண்டுகொள்வார்கள். சிறுமையிலும் வியப்பு உண்டு என்று சேர்த்தாரே, அந்தக் கண் வேண்டும் கடைசிக் கதையைப் படிக்க.

சுமை தூக்கும் ஒருவன் கோயிலை நோக்கி நடந்து வருகிறான். பத்து ஸ்டேடியம் தொலைவு இருக்கையில், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், கால் தடுக்கி விழுகிறான். எழுந்து பையைத் திறந்து பார்க்கிறான். எல்லாம் நொறுங்கியிருக்கிறது. தன் ஆண்டை வழக்கமாகக் குடிக்கும் கிண்ணமும் உடைந்து கிடக்கிறது. அவன் மனம் கலங்குகிறது. வழியோரத்தில் உட்கார்ந்து சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறான். அந்த வழியாக வந்தவர் ஒருவர், ஏனப்பா வீணாக ஒட்டிப் பார்க்கிறாய், எபிதாவ்ரோசில் இருக்கிற அஸ்கிளீபியசாலும் இதை முழுதாக்க முடியாது என்று சொல்லிப் போகிறார். அவன் சில்லுகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடக்கிறான். அங்கே பையைத் திறந்தால் கிண்ணம் முழுதாக இருக்கிறது. நடந்ததை ஆண்டையிடம் சொல்கிறான். ஆண்டை அந்தக் கிண்ணத்தைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைக்கிறார்.

நோய் தீர்க்கும் தெய்வத்திடம் கிண்ணத்துக்கு என்ன வேலை? கிண்ணம் உடைந்தால் அவன் முதுகில் என்ன நடக்கும் என்பது அந்தக் கதையைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. நலமடைந்தது கிண்ணமா? அவனுடைய முதுகு என்றுதான் நான் படிக்கிறேன்.

கிளியோவுக்குப் பெயர் உண்டு. யூஃபானிசுக்குப் பெயர் உண்டு. திருடிய எக்கெதோரசுக்கும் உண்டு. இவனுக்கு இல்லை. சுமை தூக்குபவன், அவ்வளவே. காணிக்கைகூட ஆண்டையின் கையால்தான் போகிறது. ஆனாலும், அரசர்களின் போர்களை எழுதிய அதே நூற்றாண்டில், அடிமை ஒருவன் தெருவோரம் உட்கார்ந்து சில்லுகளைச் சேர்த்துப் பார்த்த அந்தச் சில நிமிடங்களை யாரோ கல்லில் வெட்ட மனம் கொண்டார்கள். அற்புதக் கதை என்ற வடிவம் இல்லாவிட்டால் அவன் நம் கண்ணில் பட்டிருக்கவே மாட்டான்.

மாணவர்களே, இனி எங்கே ஓர் அற்புதக் கதையைப் படித்தாலும் நம்புங்கள், நம்பாமல் போங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் கதையின் நடுவில் யாராவது தரையில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், வழிப்போக்கரைப் போலக் கடந்து போய்விடாமல், அவர் கையில் என்ன உடைந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.